தாழ்ப்பாள் விழாத வீடு

தையல் ஆலையின் மூன்றாம் மாடியில் ஒன்பது பெண்கள் எரிந்துபோன மறுநாளிலிருந்து, அங்கே காலர் தைத்துக்கொண்டிருந்து உயிர் தப்பிய ஒருத்தியின் வீட்டில் எந்தக் கதவும் மூடவில்லை. சாத்தினால் விரற்கடை இடம்விட்டு நின்று, பிறகு தானாக விரியத் திறந்துகொண்டது. தச்சர் மூன்று முறை வந்து கீலை மாற்றினார். “இது மரத்துக் கோளாறு இல்லம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆலையின் கதவுகளுக்கு அந்த நோய் இல்லை. துணி களவு போகிறதென்று முதலாளி அவசர வழிகளை வெளியிலிருந்து பூட்டிவைத்திருந்தார். ஒன்பது பேர் செத்த பிறகும், எரியாத மாடிகளில் அப்படியே பூட்டினார். அவள் நான்கு வருடம் அந்தப் பூட்டுகளுக்கு எதிராகத் தெருவில் நின்றாள். ஊர் அவளைக் கதவுக்காரி என்றது. திறந்துகிடந்த அவள் வீட்டுக்குள் தொழிற்சங்கத்தார் நேரங்காலம் பார்க்காமல் வந்தார்கள். கூடத்தில் பதாகை எழுதினார்கள், அடுப்படியில் வக்கீலோடு மல்லுக்கட்டினார்கள். கணவன் சொல்லிப் பார்த்து, வாய் ஓய்ந்து, அண்ணன் வீட்டில் தூங்கப் போனான். பன்னிரண்டு வயது மகளுக்குப் பதினாறு ஆயிற்று. குளியலறையும் மூடாததால் பக்கத்து வீட்டில் குளித்தவள், ஒருநாள் அத்தையோடு தங்கிவிடுவதாகப் பையைக் கட்டினாள்.

“செத்தவங்களுக்காகத்தாண்டி இதெல்லாம்.”

“தெரியும். நான் இன்னும் சாகலையே, அதான் உன் கண்ணுல படல.”

முதலாளி மேல் எரிந்த அதே கோபம் இப்போது கதவுக்காரிக்குத் தன் மேலேயே எரிந்தது. பையைப் பிடுங்கி எறிந்து, மகளைக் குளியலறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். கதவு எருமை மாதிரி முட்டியது. எதிர்ச்சுவரில் காலை ஊன்றிக்கொண்டாள்.

அந்நேரம் பார்த்துச் சங்கச் செயலாளர் உள்ளே வந்தார். “தோழர், ஆலைக்கு ஆய்வு அதிகாரி வந்துட்டாரு. கிளம்புங்க.”

“பொண்ணு குளிக்கிறா.”

“நாளைக்குக் குளிக்கட்டுமே.”

“நாலு வருசமா நாளைக்குத்தான் குளிக்கிறா. உங்களுக்கும் தொண்டை இருக்குல்ல, போய்க் கத்துங்க. முடிஞ்சதும் வரேன்.”

மகள் முக்கால் மணி நேரம் குளித்தாள். வேண்டுமென்றேதான். அதன்பின் கதவுக்காரி ஆலை வாசலுக்குப் போய், போகவிருந்த அதிகாரியின் வண்டியை மறித்துப் படுத்தாள். அடுத்த வருடம் இரண்டு மாடிகளில் பூட்டு எடுக்கப்பட்டது. மற்றவற்றுக்கு வழக்கு நடக்கிறது. மகள் குளிக்கும் ஆறிலிருந்து ஏழு மணி வரை அவள் வரமாட்டாள் என்று சங்கம் கூட்ட நேரத்தை மாற்றிக்கொண்டது. ஞாயிறுகளில் கணவன் வந்து கதவுக்கு முதுகு கொடுத்தான். அவன் உட்கார்ந்தால் இடுக்கு விழுகிறதென்று மகள் உள்ளேயிருந்து திட்டினாள்.