ஜனாதிபதியின் நேர்த்திக் கடா

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நடத்தும் விமலராஜ், "மகேந்திரண்ணை, ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் குறையுது, எதையாவது எழுதித் தாங்கோ" என்றான். இலங்கையிலிருந்து வந்து, இத்தாலியின் பலெர்மோ நகரில் இருபத்திரண்டு வருடமாக மாடிப்படி கழுவுகிற எனக்கு எழுத என்ன இருக்கிறது? அந்தப் பொய் இருந்தது.

முதலில் இப்படி எழுதினேன்: "அமெரிக்காவின் ஜனாதிபதிமார் வாயில்லா உயிர்கள்மேல் அளவற்ற அன்பு..."

அடித்துவிட்டேன். அது படித்த ஆள் தொடங்குகிற மாதிரி இருந்தது. நான் தமிழ் எழுத்துப் பழகியது நாற்பத்தொன்பது வயதில், இதே பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வாங்கில் உட்கார்ந்து. பக்கத்தில் ஆறு வயது ஜெனனி இருந்தாள். அவளுக்கு இப்போது பதின்மூன்று.

[கதை அவளைப் பற்றியது. அவளிடம் இன்னும் அனுமதி கேட்கவில்லை.]

2

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு ரீச்சர் வரவில்லை. காய்ச்சல். விமலராஜ் என்னை வகுப்புக்குள் தள்ளிவிட்டான். "அரை மணித்தியாலம் பொது அறிவு சொல்லுங்கோ."

என் பையில் ஒரு புத்தகம் இருந்தது. லிபெர்த்தா வீதியில் நான் படி கழுவும் கட்டடத்தில், நாலாம் மாடி வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, குப்பைக்கு வைத்தது. அமெரிக்க ஜனாதிபதிகளும் அவர்கள் வளர்த்த பிராணிகளும். வலப்பக்கம் பெரிய படம், இடப்பக்கம் இத்தாலிய எழுத்து.

[இத்தாலியன் கதைப்பேன். வாசிக்க மாட்டேன். கதவு மணிகளில் உள்ள பெயர்களை வடிவம் பார்த்துப் பிடிப்பேன்.]

ஒருவர் மாடு வளர்த்தார், ஒருவர் கிளி வளர்த்தார் என்று சொல்லிக்கொண்டு போனேன். படத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

"மாமா, எங்கடை நாட்டு ஜனாதிபதிமார் என்ன வளர்த்தவை?" என்று கேட்டான் யசிந்தன்.

"அதுக்குப் புத்தகம் இல்லையடா. படத்தைப் பார்."

3

அடுத்த படத்தில் ஒரு ஜனாதிபதி, ஒரு சின்னப் பையன், கழுத்தில் சிவப்பு றிபன் கட்டிய கடா. அந்த ஜனாதிபதியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இனி வரப்போகும் பொய்யை நீங்களும் நம்பி யாருக்காவது சொல்லுவீர்கள்.

"ஆட்டுக்கு ஏன் மாமா றிபன்?"

எங்கள் ஊர்க்காரன் கண்ணுக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

"நேர்த்திக் கடா. மகனுக்குக் கடும் காய்ச்சல். சுகம் வந்தால் கடா தாறன் எண்டு தகப்பன் நேர்ந்தவர்."

"அங்கை கோயில் இருக்கோ?"

"ஏன் இல்லாமல்?"

"பிறகு வெட்டினவையோ?" இது ஜெனனி.

"மகன் கட்டிப்பிடிச்சுக்கொண்டு விடேல்லை. ஜனாதிபதி கத்தியை வைச்சிட்டார். சாமி என்ன செய்தாலும் செய்யட்டும், மகன்ரை சொல்லை மீற மாட்டன் எண்டிட்டார்."

வகுப்பு சத்தமில்லாமல் கேட்டது. நான் சொல்லி ஒரு அறை அப்படிக் கேட்டது என் வாழ்க்கையில்

[இந்த வசனத்தை முடிக்கவில்லை. களைப்பு.]

4

ஜூனில், ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெனனி போன் எடுத்தாள். இத்தாலியப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு எட்டாம் வகுப்பு இறுதிச் சோதனை. விரும்பிய தலைப்பில் வாய்மொழியாகப் பேச வேண்டும். வியாழன் காலை ஒன்பது மணி.

"நான் அந்தக் கடாவைத்தான் எடுத்தனான் மாமா. ஆளுறவையின்ரை இரக்கம் எண்டு தலைப்பு. இன்ரநெற்றிலை தேடினன், ஒண்டும் வரேல்லை. எங்கடை ரீச்சர், புரொபெசொரெஸ்ஸா, எங்கையிருந்து எடுத்தனி எண்டு கேப்பா. உங்கடை புத்தகத்திலை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கோ."

இந்த இடத்தில் முதல் பிரதியில், "நான் உடனே உண்மையைச் சொன்னேன்" என்று எழுதியிருந்தேன். சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தேன். புதன் மத்தியானம், மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் வாளியை வைத்துவிட்டு, பக்கத்தைப் படம் எடுத்து ஒரு சொல்லும் போடாமல் அனுப்பினேன். பிறகு மிச்சப் படிகளைக் கழுவினேன்.

5

இரண்டாம் மாடிக்கு வருவதற்குள் போன் அடித்தது.

"மாமா, இதிலை நேர்த்தியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பிள்ளையள் வண்டி கட்டி ஓட்டி விளையாடின ஆடு எண்டுதான் கிடக்கு."

"ஓம்."

"என்ன ஓம்? படத்தைக் காட்ட முதல் நீங்கள் விரல் வைச்சு வாசிச்சனீங்கள். நான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

"விரல்தான் போனது, பிள்ளை. நான் வாசிக்கேல்லை."

[விரலை மூன்றாம் பகுதியில் எழுதியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.]

"மற்றப் பிள்ளையள் எத்னா எரிமலை, காலநிலை எண்டு எடுத்திருக்கினம். எனக்கு ஆடு! உங்களை நம்பி. நாளைக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"தெரியாது எண்டு சொல்லு."

"நீங்கள் சொன்னனீங்களோ, தெரியாது எண்டு?"

வைத்துவிட்டாள். நிஜத்தில் இதைவிடக் கடுமையாகப் பேசினாள். நான் எழுதுகிற ஜெனனி கொஞ்சம் பொறுமைசாலி. அவளுக்காக அல்ல, எனக்காக அப்படி எழுதியிருக்கிறேன்.

6

வியாழன் வேலைக்குப் பிந்திப் போனேன். எட்டரைக்கே அவளுடைய பள்ளிக்கூட வாசலில் நின்றேன்.

முடிவு ஒன்று: அவள் என் கடாவையே சொன்னாள், சோதிக்கிறவர்கள் கண் கலங்கினார்கள். [அவர்களுக்கு நேரமில்லை. வரிசையில் இன்னும் ஏழு பிள்ளைகள்.]

முடிவு இரண்டு: "மாமாவுக்கு வாசிக்கத் தெரியாது, படத்தைப் பார்த்து இப்படிச் சொன்னார்" என்று சொல்லிப் பத்துக்குப் பத்து வாங்கினாள். [இப்படி நடந்தால் எனக்கு நிம்மதி. அதனாலேயே இதையும் நம்பாதீர்கள்.]

முடிவு மூன்று: அவள்

பதினொரு மணிக்கு வெளியே வந்தாள். என்னைக் கண்டாள். தாயை விட்டுவிட்டு நேரே வந்து, நான் கேட்காமலே மூன்று வசனம் சொன்னாள். எனக்கு அவை மனப்பாடம். எழுத மாட்டேன். இன்னொருவர் எழுதிய பக்கத்தில் இருப்பதாக நான் சொன்ன கதை ஒன்றே போதும்.

விமலராஜ், கீழே ஜெனனி எழுத மூன்று வரி விட்டிருக்கிறேன். இடம் மிச்சம் என்று நகைக்கடை விளம்பரம் போட்டுவிடாதே. அச்சுக்குப் போக முதல் இந்தத் தாளை ஜெனனியிடம் கொடு, தொடக்கத்திலிருந்து வாசிக்கட்டும். கிழித்துப்போட்டாலும் பரவாயில்லை, மலர் ஒரு பக்கம் குறைவாக வரட்டும். ஒன்றும் எழுதாமல் திருப்பித் தந்தால், அப்படியே அச்சடி.

ஜெனனி:

..............................

..............................

..............................