தம்பிக்கு எத்தனை வருடம்

இடது கண் போன புருஷன் ஒரு பக்கம், அதைப் போக்கிய என் தம்பி இன்னொரு பக்கம், நடுவில் நான். தண்டனை சொல்வதற்கு முன்னால் அடிபட்டவர் வீட்டாரையும் ஒரு வார்த்தை கேட்பது அந்த நீதிபதியின் வழக்கமாம். நல்ல வழக்கம்தான், மாட்டிக்கொண்டவளுக்கல்லவா தெரியும்.

எங்கள் லேத் பட்டறையில் வாடிக்கையாளர் முன்னால் என் புருஷன் திட்டிவிட்டார் என்று ஸ்பேனரைத் தூக்கியவன் அவன். அதற்கு முன்பும் ஒருவன் மண்டையை உடைத்திருக்கிறான். செல்லம் கொடுத்துக் கெடுத்தது நான்தான் என்று என் புருஷன் வாய் ஓயாமல் சொல்வார். நீதிபதியிடம் பேச மட்டும், உன் தம்பி, நீயே பேசிக்கொள் என்று ஒதுங்கிவிட்டார்.

நாலு பேர் பயப்படும்படி தண்டிக்க வேண்டும் என்றார் அரசு வக்கீல். சிறையில் தச்சுவேலை கற்கிறான், திருந்த விடுங்கள் என்றார் தம்பியின் வக்கீல். நான் இரண்டுக்கும் தலையாட்டினேன். எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

இனிமேல் யார் மேலும் கை வைக்க மாட்டேன் என்று சொல்லும்படி வக்கீல் அவனைப் பழக்கியிருந்தார். போன வாரம் சிறைக்குப் போனபோது நான்தான் சும்மா இருக்காமல், கோர்ட்டிலாவது உண்மையைச் சொல்லடா என்றேன். அடித்ததை ஒப்புக்கொள் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன்.

இனிமேலும் அடிப்பாயா என்று நீதிபதி கேட்டதும் அவன் சொன்னான்: "கோவம் வந்தா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியலைங்க. வரக்கூடாதுன்னுதான் பாக்குறேன்."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். இப்படிப் பேசுகிறவன் திருந்திக்கொண்டிருக்கிறானா, இல்லை மறுபடியும் அடிப்பானா? நீதிபதிக்கும் பிடிபடவில்லை போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப வெளிய விட்டா, வீட்டுல சேத்துக்குவீங்களாம்மா?"

"சாப்பாடு போடுவேங்கய்யா," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ராத்திரி மட்டும் எங்க ரூம் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்குவேன்."

நீதிபதி, ஐந்து வருடம், தச்சுவேலை தொடரட்டும், கோபத்துக்கு டாக்டரும் பார்க்கட்டும் என்றார். இதில் பயமுறுத்துவதற்கு எவ்வளவு, திருத்துவதற்கு எவ்வளவு என்று எனக்கு ஒரு இழவும் விளங்கவில்லை.

அழுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். "அப்பாடா" என்று வந்தது, வாய்விட்டு. நான் வாயைப் பொத்துவதற்குள் கூண்டிலிருந்து தம்பி திரும்பிப் பார்த்துவிட்டான்.