ரெத்தினத்தின் சைக்கிளை எப்போது மாற்றலாம்?

1

இந்தக் கதைக்குக் காரணம் திருவாரூர் நண்பர் மரியஅந்தோணி. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் பந்தயத்துக்குப் போகிறவர். "சைக்கிள எப்ப சார் மாத்தலாம்?" என்று என்னிடம் கேட்டார். எழுத்தாளனிடம் கேட்கிற கேள்வியா இது? தெரியாது என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. கதையாக எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

2

1972, பொங்கல். வெண்ணாற்றின் மேல் பொன்னிறக் கதிரொளி படர்ந்து...

(அடித்துவிட்டேன். தை மாதப் பனிமூட்டத்தில் ஏது கதிரொளி?)

இளைஞர் மன்றம் பந்தயம் வைத்தது. வெண்ணாற்றை நீந்தி, பெரிய தெரு வழியாகச் சைக்கிள் மிதித்து, மாரியம்மன் கோயில் வரை ஓட வேண்டும். ரெத்தினம் நாற்றுக்கட்டு ஏற்றுகிற சைக்கிளோடு வந்திருந்தார். நீச்சலில் அவர்தான் முதல். சைக்கிளிலும் முதல், பெரிய தெரு முனை வரைக்கும். அங்கே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். கடைசியாக வந்து சேர்ந்தார்.

(வெளியூர் வாசகருக்கு: மிராசுதார்கள் குடியிருக்கும் பெரிய தெருவில் பண்ணையாட்கள் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது என்பது பழைய வழக்கம். கூலிச் சண்டையோடு சண்டையாக விவசாயிகள் சங்கம் அதையும் ஒழித்திருந்தது. ரெத்தினத்தின் காலுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலும்.)

3

இந்த ரெத்தினத்தை முழுதாக நம்பலாமா என்று எனக்குச் சந்தேகம். மறு வருடம் பழியைத் தூக்கிச் சைக்கிள் மேல் போட்டார்.

"கனத்த வண்டி பாய், அதான் பின்தங்கிட்டேன். லேசா ஒண்ணு குடுங்க" என்றார் சைக்கிள் கடை கலந்தரிடம்.

"எதுக்குப்பா? தள்ளிக்கிட்டுப் போறதுக்கா?"

கூட வந்த மனைவி காத்தாயி சிரித்துவிட்டார். "தள்ளுறதுக்கும் லேசா இருக்கணும்ல பாய்!"

ரெத்தினத்துக்கு முகம் சுண்டிப்போனது. "எம்பொண்ணு பாத்துக்கிட்டு நின்னுச்சு பாய். ஏம்ப்பா எறங்குனேன்னு கேட்டுச்சு. இந்த வாட்டியும் எறங்குனா அது மூஞ்சில எப்புடி முழிப்பேன்?"

கலந்தர் லேசான வண்டியை எடுத்து வெளியே வைத்தார்.

4

அடுத்த பந்தயம். புது வண்டி, பெரிய தெரு முனை. காத்தாயி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எறங்காதய்யா!" என்று கத்துகிறார். ரெத்தினத்தின் வலது கால் பெடலை விட்டு எழும்புகிறது...

மிதித்தே போய் ஜெயித்தார் என்று எழுதினேன், அடித்தேன். இறங்கினார் என்று எழுதினேன், அதையும் அடித்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். நான் பெரிய தெருவில் பிறந்தவன். அவரை ஓட்டிப்போக விட்டால் நாங்கள் பெரிய மனது பண்ணி வழிவிட்டதாக ஆகிவிடும். இறங்க வைத்தால் இன்னொரு தடவை நாங்களே இறக்கியதாக ஆகிவிடும். இரண்டுக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நீங்களே எழுதிவிடுங்கள். சீக்கிரம், கால் அந்தரத்தில் நிற்கிறது. அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: நீங்கள் எந்தத் தெரு?