குரல் இருந்த பக்கம்

லேப்டாப் திரையில் இரண்டு வரிகள் வந்து நின்றன. கீழ் வரிக்கு இறங்கச் சுகுணன் விரலை நீட்டிய நேரத்தில் ஆம்புலன்ஸ் டிரைவர் வாசலில் நின்று, "சேட்டா, ஸ்ட்ரெச்சர் உள்ள திரும்புமா, இல்ல பெட்ஷீட்டோட தூக்கணுமா?" என்று கேட்டார். சுகுணன் திரும்பிப் பார்த்தான். மறுபடி திரைக்கு வந்தபோது மேல் வரி தானாகவே தேர்வாகியிருந்தது. யாரும் தொடாமல் விட்டால் அது அப்படித்தான், கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேலே இருப்பதைத் திறந்துவிடும்.

"என்ன ஆச்சு?" என்றார் வல்சராஜ். பிரசீதாவின் அண்ணன். முந்தின நாள் சாயங்காலம்தான் மஸ்கட்டிலிருந்து கண்ணூரில் வந்து இறங்கியிருந்தார்.

"வேற பக்கம் போயிடுச்சு வல்சேட்டா. மறுபடி ஆரம்பிக்கணும்."

"ஆரம்பி, ஆரம்பி. அவ மூச்சு உனக்காகக் காத்திட்டிருக்கும்."

கட்டிலில் பிரசீதா சாய்த்து வைக்கப்பட்டிருந்தாள். மூக்கின்மேல் வைத்த முகமூடிக்குள் மூச்சு இயந்திரத்தின் காற்று சீறிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அவள் இமைகள் தாமாக இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தன. வீட்டுக்கே வந்து வலி தணிப்பு பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் ரம்லத் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

லேப்டாப் பிரசீதாவுடையது. தலச்சேரியில் அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவள். கடையில் வாங்கும்போதே அதில் இருந்த சிஸ்டத்தை அழிக்காமல், பக்கத்தில் இடம் ஒதுக்கி, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் லினக்ஸையும் அவளே ஏற்றியிருந்தாள். "ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம்" என்பாள் சுகுணனிடம். "ஒருத்தர் முழிச்சிருந்தா இன்னொருத்தர் தூங்கணும். அவ்வளவுதான் விஷயம், இதுக்குப் போய் பயப்படுறீங்க." பேக்கரி வைத்திருக்கும் அவள் கணவன் சுகுணனுக்கு அப்போது அது வெறும் வேடிக்கைப் பேச்சு.

பிறகு நோய் வந்தது. நரம்புகள் ஒவ்வொன்றாகக் கையை விட்டன, காலை விட்டன, நாக்கை விட்டன. நாக்கு முழுதும் போவதற்கு முன்னால் அவள் பல சாயங்காலங்கள் பள்ளி லேபின் கதவைச் சாத்திக்கொண்டு மைக்கில் படித்துக்கொண்டே இருந்தாள். கூட வேலை பார்த்த வாத்தியார் ஷிஹாப் மாஷ் அந்தப் பதிவுகளை வைத்து, எந்த மலையாள எழுத்தைக் கொடுத்தாலும் அவள் குரலிலேயே பேசும்படி ஒன்றைச் செய்து கொடுத்தார். அது லினக்ஸில் மட்டும் ஓடும். எழுத்து எழுத்தாக வெளிச்சம் நகர, கால் பெருவிரலின் கீழ் ஒட்டிய பொத்தானை அமுக்கி அமுக்கி அவள் வார்த்தை சேர்க்க வேண்டும்.

கண் அசைவைப் படிக்கும் கேமரா கடையில் வாங்கும்போதே இருந்த அந்த இன்னொரு சிஸ்டத்தில்தான் வேலை செய்யும். அதில் வேகம் உண்டு, பேச்சு இங்கிலீஷ். ஏதோ ஊர்க்காரியின் குரல். பாதி வார்த்தையைப் பார்த்தாலே மீதியை அதுவே போட்டுவிடும். கால் சீக்கிரம் சோர்ந்துபோனதால் கொஞ்ச காலமாக அந்தப் பக்கத்திலேயே இருந்துவிட்டார்கள். வல்சராஜ் போனில் கேட்டதெல்லாம் அந்தக் குரலைத்தான். தொண்டையில் துளை போட்டு மெஷினில் வைக்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்று சொன்னதும் அந்தக் குரல்தான்.

"அது சொல்லுச்சாம், நான் நம்பணுமாம்" என்றிருந்தார் அவர் அன்று காலை. "பாதியை மெஷினே போடுதுன்னு நீதானே சொன்னே. மீதியை யார் போட்டாங்க?"

பிறகு அவரே கட்டிலின் மேல் குனிந்தார்.

"பிரசீ, ஏட்டன் பேசுறேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா கண்ணை மூடு."

அவள் கண் மூடியது.

"பாத்தியா?" என்று கேட்டு, வல்சராஜ் அப்போதே போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

"அது தானா மூடுது சேட்டா" என்றாள் ரம்லத். "அசதி. கேக்காமலே மூடுது பாருங்க."

"நீங்க பேசாம இருங்க சிஸ்டர். உங்க பாலியேட்டிவ் ஆளுங்க எல்லாத்துக்கும் 'விடுங்க விடுங்க'ன்னுதான் சொல்லுவீங்க."

அதற்குப் பிறகுதான் சுகுணன் லேப்டாப்பைக் கட்டில் மேசையில் வைத்தான். அவள் குரல் இருக்கும் பக்கத்துக்குப் போய்விட்டால் போதும் என்று.

இப்போது திரை நீலமாகி, புதிய மாற்றங்கள் ஏற்றப்படுகின்றன, அணைக்க வேண்டாம் என்றது. புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. சுகுணன் ஷிஹாப் மாஷைக் கூப்பிட்டான்.

"மாஷே, அணைக்காதேங்குது. என்ன பண்றது?"

"எத்தனை சதவீதம் காட்டுது?"

"கொஞ்சம்தான். நகரவே மாட்டேங்குது."

"நடுவுல அணைச்சா அந்தப் பக்கம் கெட்டுப்போகலாம். யோகம் கெட்டதுன்னா ரெண்டுமே எழும்பாது. நான் வந்துட்டே இருக்கேன் சுகுணேட்டா, பாலத்துல வண்டியெல்லாம் நிக்குது." போனில் ஹார்ன் சத்தம் கேட்டது. "டீச்சர் முழிச்சிருக்காங்களா?"

சுகுணன் கட்டிலைப் பார்த்தான். இமை இறங்கி, பாதியில் நின்று, ஏறியது. கருவிழி அவனைத் தேடி வந்து நின்றது.

"இருக்கா" என்றான்.  

போனை வைத்துவிட்டு, பக்கவாட்டுப் பொத்தானில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்தான். விசிறிச் சத்தம் நின்றது. திரை கறுத்தது. அதில் அவன் முகமும் பின்னால் வல்சராஜின் வெள்ளைச் சட்டையும் தெரிந்தன.

"கெடுத்திட்டியா?" என்றார் வல்சராஜ்.

சுகுணன் மறுபடி அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை. எங்கேயோ உள்ளே ஒரு சிறு முனகல் கேட்டு, இரண்டு வரிகள் வந்தன. யாரோ கூப்பிட்டார்கள். திரும்பவில்லை. கீழ் வரி. தட்டினான். கறுப்பில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின, ஓரிடத்தில் நின்றன, எதையோ சரிபார்த்தன. ரம்லத் முகமூடியை நகர்த்தி உதட்டைப் பஞ்சால் நனைத்தாள். டிரைவர் வாசல்படியில் செருப்பைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"அப்பா போனப்ப நான் வர்றதுக்குள்ள எரிச்சு முடிச்சிருந்தீங்க" என்றார் வல்சராஜ், யாரையும் பார்க்காமல். "இவளையும் அப்படி விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

மலையாள எழுத்துகளின் கட்டம் திரையில் மலர்ந்தது.

ரம்லத் போர்வையை விலக்கி, வலது பெருவிரலின் கீழ் பொத்தானை வைத்துப் பிளாஸ்டர் ஒட்டினாள். வல்சராஜ் குனிந்து பார்த்தார். கெண்டைக்கால் சதை தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் துடித்துக்கொண்டிருந்தது.

"இது சும்மாவே துடிக்குதே. இதை வெச்சு என்ன சொல்லிட முடியும்?"

"பாதத்தை நீங்களே புடிங்க" என்றான் சுகுணன்.

"என்ன?"

"நான் தொடலை. தள்ளி நிக்கிறேன். நீங்க புடிச்சுப் பாருங்க, அவ அமுக்குறாளா, தானா துடிக்குதான்னு."

 வல்சராஜ் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டு, தங்கையின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். சுகுணன் சுவரோடு போய் நின்றான், கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

வெளிச்சம் மேல் வரிசையிலிருந்து கீழே நகர்ந்தது. ஒரு சுற்று போயிற்று. இன்னொரு சுற்று. பிரசீதாவின் கண்கள் மூடியே இருந்தன.

"தூங்கிட்டா" என்றார் வல்சராஜ். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறியது. அவருடைய கைக்குள் ஏதோ நடந்தது. வெளிச்சம் ஒரு வரிசையில் நின்று, எழுத்து எழுத்தாகத் தாவ ஆரம்பித்தது. மறுபடி ஓர் அமுக்கல். ஏ.

ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் அவள் பல மூச்சுகள் எடுக்க வேண்டியிருந்தது. தவறான எழுத்து ஒன்று விழுந்தது. அதை அழிக்க வெளிச்சம் கடைசிக் கட்டம் வரை போக வேண்டும். அவள் காத்திருந்து அழித்தாள். வல்சராஜின் நெற்றியில் வியர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. வாசலில் டிரைவரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டத்தின் கீழ் எழுத்துகள் சேர்ந்தன. பெருவிரல் கடைசியாக ஒருமுறை அமுங்கியது.

"ஏட்டா, உக்காரு."

சளி பிடித்திருந்த நாளில் பதிந்த குரல். லேசான மூக்கடைப்பு, கடைசி எழுத்தை இழுக்கும் வழக்கம், எல்லாம் அப்படியே இருந்தது. பள்ளி வராந்தாவில் ஓடும் பிள்ளைகளை நிறுத்தும் அதட்டல்கூட அதில் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

வல்சராஜ் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். குதிகாலை விடவில்லை. தலை நிமிராமல், "அவரைப் போகச் சொல்லு" என்றார்.

சுகுணன் வெளியே போய் டிரைவரிடம் பேசினான். வண்டி பின்னோக்கி நகர்ந்து, சந்தில் திரும்பி, சத்தம் அடங்கும் வரை வாசலில் நின்றான். திரும்பி வந்தபோது வல்சராஜ் அவனைப் பார்த்துத் தலையாட்டி, "இன்னும் ஏதோ எழுதுறா" என்றார். அவர் சொன்ன விதத்தில் காலையில் இருந்த கடுமை இல்லை.

சுகுணன் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் நெற்றி முடியை ஒதுக்கினான். திரையில் 'சு' என்ற எழுத்து விழுந்திருந்தது. வெளிச்சம் கட்டங்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சுகுணன் என்றும் இருக்கலாம், சுகம் என்றும் இருக்கலாம். அவன் கேட்கவில்லை. "மெதுவா எழுது. அவசரமில்ல" என்றான்.

கால் துடிப்பது முதலில் நின்றது. அதை வல்சராஜ்தான் அறிந்தார். முகமூடி மட்டும் தன் போக்கில் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. ரம்லத் மணிக்கட்டை, பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். இயந்திரத்தை அவள் நிறுத்தியபோது, அடுத்த வீட்டில் யாரோ துணி துவைத்துக் கல்லில் அடிக்கும் ஓசை உள்ளே வந்தது.

ஷிஹாப் மாஷ் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தவர், அறை வாசலிலேயே நின்றுவிட்டார். லேப்டாப் அருகே போய்த் திரையைப் பார்த்தார். "நிறுத்தட்டுமா?" என்று கண்ணால் கேட்டார். சுகுணன் இல்லை என்று தலையசைத்தான்.

வெளியே ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். யாரோ பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று விசாரித்தார்கள். குளிப்பாட்ட வேண்டும் என்று பெண்கள் வந்து நின்றார்கள். ரம்லத் குனிந்து பிளாஸ்டரின் ஓரத்தில் நகத்தை வைத்தாள்.

"நான் எடுக்கிறேன் சிஸ்டர்" என்றார் வல்சராஜ்.

அவர் கிண்ணத்திலிருந்த தண்ணீரில் விரலை முக்கி, பிளாஸ்டரின் விளிம்பை நனைத்தார். கொஞ்சம் பொறுத்தார். தூக்கிப் பார்த்தார், தோல் கூடவே இழுபட்டது. விட்டுவிட்டு மறுபடி நனைத்தார். பெண்கள் காத்திருந்தார்கள். வலிக்காமல் எடுக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.