பச்சைப் பூச்சு

கூடத்தில் ஒப்பாரி ஏறிக்கொண்டிருந்தபோது வீட்டுப் பக்கவாட்டுத் தகரக் கொட்டகையில் பஞ்சாலை கார் பேட்டரி முனையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் தேவன் போய் இன்னும் ஒரு நாள் முழுசாக ஆகவில்லை. உள்ளே அவர் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். தலைமாட்டில் விளக்கு எரிகிறது. சுற்றிலும் பெண்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டியவள், பழைய மோரிஸ் மைனர் காரின் முன்மூடியைத் தூக்கி வைத்துவிட்டு அதற்குள் தலையை விட்டிருக்கிறாள்.

"ஏ பஞ்சாலை, உள்ள வாடி. வந்தவங்கல்லாம் உன்னைய கேக்குறாங்க," என்று பக்கத்து வீட்டு முத்தாயி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

"ரெண்டு நிமிஷம்க்கா."

"காலையிலேர்ந்து இதத்தான் சொல்ற."

காலையில் நடந்தது இதுதான். ராசா ஊரிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கிய கொழுந்தன் ரவிச்சந்திரன், கையில் போனை வைத்துக்கொண்டு எல்லா ஏற்பாட்டையும் ஒற்றை ஆளாகச் செய்துகொண்டிருந்தான். கூடாரம், மாலை, சவ வேன், பழைய தோட்டத்துச் சுடுகாட்டில் விறகு, எதிலும் குறை வைக்கவில்லை. நல்ல பிள்ளைதான். அவனிடம் போய் பஞ்சாலை ஒரே ஒரு ஆசையைச் சொன்னாள்.

"தம்பி, நான் அவரு காடியில முன்னால போறேன். வேன் பின்னால வரட்டும்."

"அண்ணி, பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றதில்லலா."

"காலு எடுத்ததுலேர்ந்து அவரு போன எடத்துக்கெல்லாம் நான்தான் ஓட்டுனேன். இந்த எடத்துக்கு மட்டும் வேற யாரோ ஓட்டணுமா?"

ரவிச்சந்திரன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். பெடாஸ் பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டான்.

"மழை வருது அண்ணி. செம்பனைத் தோட்டத்துக்குள்ள அந்த ரோடு எப்புடி இருட்டிக்கும்னு உங்களுக்கே தெரியும். லைட்டில்லாத காடி முன்னால போனா, எதுக்க வர்ற லோரி ஏத்திட்டுப் போயிரும். லைட்டு எரிஞ்சா வாங்க. நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்."

அந்தக் காடியின் விளக்கு ஒழுங்காக எரிந்து வருஷக்கணக்காகிறது என்பது குடும்பத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் இவ்வளவு தாராளமாகச் சொன்னான்.

விளக்குக் குமிழை இழுத்தால் ஒரு பக்கம் மின்மினி மாதிரி மினுக்கும். இன்னொரு பக்கம் அதுகூடக் கிடையாது. சிக்னல் போட்டால் விளக்கும் சேர்ந்து கண்ணடிக்கும். ஒரு வயர்மேன் வந்து பல்ப்பை மாற்றினார். ரெம்பா டவுனிலிருந்து வந்த இன்னொருவர் சுவிட்சை மாற்றி, புது வயரும் இழுத்தார். விளக்கு அசையவில்லை. தேவனும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. சர்க்கரை வியாதியில் இடது கால் போனபிறகு கிளட்சை மிதிக்க வழியில்லாமல் பஞ்சாலைக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ரத்தம் சுத்தம் பண்ண ரெம்பாவுக்குக் கூட்டிப்போவாள். எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். "நாம கோழி ஜாதி பஞ்சாலை, வெளிச்சத்துலயே அடைஞ்சிரணும்," என்று சிரிப்பார். இதனாலேயே எத்தனையோ கல்யாண விருந்துகள் போயின. அவளுக்கு அதில் உள்ளூரக் கோபம் உண்டு.

செனவாங்கில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் பஞ்சாலை இருபது வருஷத்துக்கு மேல் பரிசோதனை வரிசையில் உட்கார்ந்தவள். பச்சைச் சர்க்யூட் பலகைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று பிரிக்கும் வேலை. ஆனால் இந்தக் காடியைத் தொட்டுப் பார்க்க மட்டும் தேவன் அவளை விட்டதில்லை. கிட்டே வந்தாலே, "கைப்பையத் தள்ளி வையி, கீறிடும்," என்பார்.

இன்றைக்கு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அது நினைவுக்கு வந்ததும் பேட்டரி முனையை இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள். பிறகு வேலையைப் பார்த்தாள்.

சிக்னல் பல்ப் ஒன்றில் இரண்டு வயரைச் சுற்றி, சோதனை விளக்கு ஒன்று செய்திருந்தாள். ஒரு வயரை முன்விளக்குக்கு மின்சாரம் வரும் இடத்தில் வைத்தாள். மற்றதை பேட்டரியின் எர்த் முனைக்கே நேராகக் கொண்டுபோய் வைத்தாள். பல்ப் பளீரென்று எரிந்தது. ஆக, மின்சாரம் வருகிறது. வயர்மேன்கள் குற்றம் செய்யவில்லை. இப்போது அந்த இரண்டாவது வயரை, முன்விளக்கின் எர்த் வயர் காடியின் உடம்போடு சேரும் போல்ட்டில் வைத்தாள். பல்ப் செத்துப்போனது.

மறுபடியும் பேட்டரி. எரிந்தது. மறுபடியும் போல்ட். அணைந்தது.

"அடப்பாவி மனுஷா," என்றாள் வாய்விட்டு.

குடை எடுத்துக்கொண்டு வந்த மகள் ஷாமினி பயந்துவிட்டாள். "என்னம்மா?"

"கரண்டு போற வழி நல்லாத்தான் இருக்கு. திரும்பி வர்ற வழி அடைச்சிருக்கு. இங்க பாரு."

அந்த போல்ட்டைக் கழற்றினாள். வயரின் வளையத்துக்கு அடியில், இரும்பு இருக்க வேண்டிய இடத்தில், வழவழவென்று பச்சைப் பெயிண்ட். தேவனுக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. தீபாவளி வந்தால் மற்றவர்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், அவர் காடிக்கு அடிப்பார். மேலே மட்டுமில்லை, மூடிக்கு உள்ளேயும். அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாத மனுஷர். எர்த் வயரைப் பதமாகக் கழற்றி, அடியில் வளைத்து வளைத்துப் பூசி, காயவிட்டு, வயரைப் பெயிண்டின் மேலேயே திரும்ப முடுக்கியிருக்கிறார். வருஷா வருஷம். காடியின் கண்ணை அவிக்க வேறு யாரும் வரவில்லை, கட்டினவரே ஆசை ஆசையாக அவித்திருக்கிறார்.

வயர்மேன்கள் வரும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, "என்ன வேணா மாத்து. ஆனா சொரண்டக் கூடாது. நான் இருக்கிற வரைக்கும் இதுமேல கத்தி படக்கூடாது," என்று காவல் காப்பார். பிறகு அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்!

பஞ்சாலை கத்தி எடுக்க உள்ளே போனாள். சமையலறைக்குக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கிரீஸ் கையோடு அவள் வருவதைப் பார்த்த பெண்கள், ஒருவழியாக அழ வந்துவிட்டாள் என்று விலகி வழிவிட்டார்கள். பெட்டிக்கு முன்னால் அவள் கால் தானாக நின்றது. முகச்சவரம் செய்து, பட்டை போட்டு, வெளியே கிளம்பினவர் மாதிரி இருந்தார். குனிந்து அவர் காதருகே பேசினாள்.

"ஏங்க, கொஞ்சூண்டு சொரண்டிக்கிறேன். நீங்க இருக்கிற வரைக்கும்னுதான சொன்னீங்க."

சொல்லி முடித்ததும் உடைந்துவிட்டாள். நேற்றிலிருந்து வராத அழுகை, நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்தது. முத்தாயி அவளைக் கட்டிக்கொண்டாள். பெண்கள் எல்லோரும் சேர்ந்து குரலெடுத்தார்கள். அழுது தீர்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சமையலறையில் வெங்காயக் கத்தியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினாள். முத்தாயிக்கு வாய் மூடவில்லை.

முதல் கீறல் போடும்போது கை கூசியது. பிறகு பழகிவிட்டது. மேலே, போன தீபாவளியின் பச்சை. அதற்கடியில் கொஞ்சம் வெளிறிய பச்சை. அதற்கும் அடியில் நீலம் கலந்த ஒன்று, கடையில் சரியான நிறம் கிடைக்காமல் அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்த வருஷம். ஷாமினிக்கு நிச்சயம் ஆன வருஷமும் அதில் எங்கேயோ இருந்தது. கடைசியில் கத்தி முனையில் இரும்பு பளிச்சென்று சிரித்தது. உப்புத்தாளால் தேய்த்து, வளையத்தையும் சுத்தம் செய்து, இறுக்கி முடுக்கினாள். மறுபக்கத்துக்கும் அதே வைத்தியம்.

மழை தகரத்தில் விழத் தொடங்கியது. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. ரவிச்சந்திரன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தான்.

"அண்ணி, தூக்குற நேரம் ஆச்சு. போதும், உள்ள வாங்க."

பஞ்சாலை ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். குமிழைப் பிடித்தாள். இந்த ஒரு இழுப்பில் எரியவில்லை என்றால், வாசலோடு நின்று அவரை யாரோ கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

ஷாமினி வீல் என்று கத்தினாள். கண்ணைத் திறந்தபோது எதிர்ச்சுவர் முழுக்க வெளிச்சம். இரண்டு விளக்கும் ஒரே மாதிரி, முழுசாக, மழைத் துளி ஒவ்வொன்றும் தெரிய எரிந்தன. சிக்னலைப் போட்டுப் பார்த்தாள். சிக்னல் மட்டும்தான் கண்ணடித்தது. கூடாரத்துக்கடியில் உட்கார்ந்திருந்த ஆண்கள், சாவு வீடு என்பதையும் மறந்து எழுந்து வந்து பார்த்தார்கள். யாரோ கைகூடத் தட்டிவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

ரவிச்சந்திரன் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். "அண்ணன் இதப் பாக்கலியே அண்ணி," என்றான். குரல் உடைந்திருந்தது.

"பாத்திருந்தா பெயிண்டு போச்சேன்னு என்னைய வெரட்டியிருப்பாரு," என்றாள் பஞ்சாலை. இருவரும் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவன், சொன்ன வாக்குப்படி, மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவனே போய் வேன்காரரிடம், "அந்தக் காடி பின்னாலயே போங்க," என்றான்.

செம்பனைக்குள் நுழைந்ததும் இருட்டு கவிந்துகொண்டது. மோரிஸ் மைனர் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு போனது. செம்மண் பாதையின் குழிகள், தேங்கிய தண்ணீர், இருபக்கமும் மரங்களின் அடி, எல்லாம் முன்னாலேயே தெரிந்தன. பக்கத்து இருக்கையில் ஷாமினி அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்தபடி இருந்தாள். வளைவில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எதிரே வந்தது. தூரத்திலேயே வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக ஓரம்கட்டி நின்றது. கண்ணாடியில், மழைக்குப் பின்னால், வேன் ஒழுங்காகத் தொடர்ந்துகொண்டிருந்தது. பயணம் போகும்போதெல்லாம் அவர் ஓயாமல் வழி சொல்வார். இன்று அவள் ஒரு திருப்பத்தையும் தவறவிடவில்லை.

சுடுகாட்டில் மின்சாரம் கிடையாது. தகரக் கூரைக்கடியில் அடுக்கிய விறகு நிழலாகத்தான் தெரிந்தது. பஞ்சாலை காடியை அதற்கு நேராகத் திருப்பி நிறுத்தி, இடது காலால் காடியின் தரையிலிருந்த பொத்தானை மிதித்தாள். விளக்கின் வெளிச்சம் உயர்ந்து விறகின் மேல் விழுந்தது.

ரவிச்சந்திரன் முகத்துக்கு நேரே கையை வைத்துக்கொண்டு மழையில் ஓடிவந்தான்.

"அண்ணி, கொஞ்சம் கொறைங்க. கண்ணு கூசுது."

"கூசட்டும் தம்பி," என்றாள். "தூக்குங்க."

அவர்கள் வேனின் பின்கதவைத் திறந்து பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். வழுக்கும் செம்மண்ணில் எங்கே கால் வைக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. பஞ்சாலை என்ஜினை அணைக்காமல், மழையைத் துடைத்துக்கொண்டே இருந்த கண்ணாடி வழியாக அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.