அரிசி டின்னில் சிவப்புச் சீட்டு

திருமலை எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் ஒருமுறை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். தேங்காய்ச் சில்லானாலும் சரி, சட்டைப் பொத்தானானாலும் சரி. ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராகப் பல ஆண்டுகள் நின்று நின்று வந்த பழக்கம் அது. அங்கே அவர் கையில் 'கேஜ்' எனப்படும் இரும்பு உருளை ஒன்று எப்போதும் இருக்கும். அதன் ஒரு முனை உதிரிபாகத்தின் துளைக்குள் நுழைய வேண்டும். மறுமுனை நுழையக் கூடாது. அப்படியே நடந்தால் பச்சைத் தட்டு. தவறினால் சிவப்புச் சீட்டு ஒன்றை ஒட்டிச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். சீட்டு ஒட்டிய பொருளை மேலாளரே வந்தாலும் தொடக் கூடாது. இவ்வளவுதான் அவருடைய வேலை. நடுவில் நின்று யோசிக்க அதில் இடமில்லை. அந்தத் தெளிவு அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில், கம்பெனிக்கு வந்த டாக்டர் அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "எடையைக் குறைக்கணும். அவசரம் வேணாம், கொஞ்சம் கொஞ்சமா" என்றார். முதல் வாக்கியம் மட்டுமே திருமலையின் காதில் ஏறியது. ஏறாமல் போயிருந்தாலும், பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் கிருஷ்ணப்பன் ஏற்றியிருப்பான். கன்னடம் பேசும் வீட்டுப் பையன், வாய்த்துடுக்கு அதிகம்.

"குரு, உங்க பெல்ட்டுக்கு இன்னொரு ஓட்ட போடணும்னா ட்ரில்லிங் செக்‌ஷனுக்குத்தான் அனுப்பணும்."

வரிசை முழுவதும் சிரித்தது. அன்று மாலையே திருமலை சட்டைப்பையில் ஒரு கட்டுச் சிவப்புச் சீட்டுகளோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினார். அரிசி டின், கேழ்வரகு மாவு டப்பா, சர்க்கரை, வெல்லம், எண்ணெய்த் தூக்கு என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து ஒட்டினார். இனிமேல் வெள்ளரிக்காயும், முளைகட்டிய பயறும், நீர்மோரும்தான். இருட்டிய பிறகு அடுப்பே எரியக் கூடாது.

மனைவி செல்வம்மாள் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தாள். "எனக்கும் ஒண்ணு ஒட்டிடுங்க மாமா. நானும் ரிஜெக்ட் பீசுதான?"

"கிண்டல் பண்ணாத புள்ள. மொதல்ல நீ மாத்திர போட்டியா?"

அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. செல்வம்மாளுக்குச் சர்க்கரை நோய். காலை உணவுக்கு முன் ஒரு மாத்திரை, இரவு உணவுக்கு முன் ஒரு மாத்திரை. அதை அவர் ஒரு வேளைகூடக் கேட்க மறந்ததில்லை.

ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு எருதுகளைப் பற்றி ஒரு கதை உண்டு. வலப்பக்கத்து எருதைப் பார்த்து ஓர் அண்டங்காக்கை, "உன் வயிற்றை முதலில் உழுதால்தான் நிலத்தை உழ வழி கிடைக்கும்" என்று கேலி செய்ததாம். ரோஷம் வந்த எருது, இனிப் புல்லைத் தொடுவதில்லை என்று சபதம் செய்தது. விரைவிலேயே மெலிந்தது. முன்னங்கால் தளர்ந்து, நுகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நடந்தது. ஊரார் கூடி நின்று அதன் மெலிவை வியந்தார்கள். பாரம் ஏறிய இடப்பக்கத்து எருதின் கழுத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

திருமலையும் மெலிந்தார். பெல்ட்டை மறுபடி பழைய உள் ஓட்டைகளில் மாட்ட முடிந்தது. கேலி செய்த கிருஷ்ணப்பனே, "என்ன குரு, மாப்பிள்ள மாதிரி ஆயிட்டீங்க" என்றான். ஆனால் பசி அவருக்குள் ஒரு நாயைப் போலச் சுற்றிச் சுற்றி வந்தது, எதற்கெடுத்தாலும் எரிச்சல். ஒரு மாலை வெள்ளரித் துண்டுகளோடு அவர் போராடிக்கொண்டிருந்தபோது, அடுப்பிலிருந்து சோறு கொதிக்கும் வாசனை வந்தது. செல்வம்மாள் தனக்கென்று ஒரு பிடி அரிசி போட்டிருந்தாள். மகள் கல்யாணமாகிப் பர்கூருக்குப் போனபின் அந்த வீட்டில் இருவர்தான். அவர் வேண்டாமென்றால் உலை வைப்பது அவள் ஒருத்திக்காகத்தான்.

"என் கண்ணு முன்னாலயே சோத்த ஆக்கித் தின்னா நான் எப்புடி வைராக்கியமா இருக்கறது? ஒட்டின சீட்டுக்கு என்னா மரியாத?"

கேட்டதோடு நிற்கவில்லை. சோற்றுப் பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், பால்காரர் மாட்டுக்காக வாசலில் வைத்திருந்த கழுநீர்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தார்.  செல்வம்மாள் கையில் வைத்திருந்த வெறும் தட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். சாப்பிடாத தட்டை எதற்குக் கழுவுகிறாள் என்று அன்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு இருட்டியதும் அந்த அடுப்பு எரியவே இல்லை. "நீ சாப்ட்டியா?" என்று அவர் கேட்கவும் இல்லை, எப்போதாவது பார்வையால் கேட்டது போலிருந்தால், "எனக்கு அப்பவே ஆச்சு" என்பாள்.

வைராக்கியம் உடைந்தது ஒரு சாதாரண மாலையில். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டுக் கிருஷ்ணப்பனின் வண்டியில் வந்தபோது, சர்வீஸ் ரோட்டுப் பரோட்டாக் கடையின் கல்லில் எண்ணெய் சீறியது. "நிறுத்துப்பா" என்றார். முதலில் இரண்டு. பிறகு முட்டை போட்ட சால்னாவோடு இன்னும் இரண்டு. அதற்குப் பிறகு அவர் எண்ணவில்லை. இலையை வழித்து, விரலை வழித்து, மறுபடி கையைத் தூக்கினார்.

"பேடா குரு, பேடா" என்று கிருஷ்ணப்பன் பதறிப்போய், கன்னடத்தில் வேண்டாம் வேண்டாமென்று அவர் கையைப் பிடித்தான். "இத்தன நாளு பட்டினி கெடந்துட்டு ஒரேயடியா இப்புடித் தின்னா வயிறு என்னாத்துக்கு ஆவும்?"

"நாளைலேர்ந்து வெறும் தண்ணிதான்" என்றார் திருமலை, வாய் நிறைய.

வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு மோருகூட வேணாம். பட்டினி" என்று அறிவித்தார். செல்வம்மாள் அவரைச் சற்று நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தவிர்க்க அவருக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்.

"மாத்திர போட்டியா?"

"போட்டுட்டேன்."

மறுநாள் காலையில் அவர் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவின் பொதுக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். குடம் உருளும் ஓசை கேட்டது. தொடர்ந்து, எதிர்வீட்டு லாவண்யாவின் அலறல்.

"அண்ணே! அக்கா விழுந்துட்டாங்க! ஓடியாங்கண்ணே!"

ஒரு காலில் ஷூவோடு ஓடினார். குழாயடிச் சேற்றில் செல்வம்மாள் ஒருக்களித்துக் கிடந்தாள். முகமெல்லாம் வேர்வை. கண் திறந்திருந்தும் அவரைப் பார்க்கவில்லை. "செல்வி, ஏ செல்வி" என்று உலுக்கினார். பதில் இல்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு கை, முதுகுக்குக் கீழே ஒரு கை கொடுத்து, முழு பலத்தையும் சேர்த்துத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் பின்னுக்குச் சாய்ந்து விழப்போனார்.

அவள் அவ்வளவு கனமாக இல்லை.

திருமலை அப்படியே நின்றுவிட்டார். கை ஏமாந்துபோனது. நிறைந்த குடம் என்று நினைத்துக் காலிக் குடத்தைத் தூக்கியதுபோல் இருந்தது. ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், தன் பெல்ட்டின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்த காலம் முழுவதும் இவள் எங்கே கரைந்துகொண்டிருந்தாள்? தோளிலிருந்து நழுவிய ரவிக்கை ஊசி குத்திச் சுருக்கப்பட்டிருந்தது. அந்த ஊசியை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. எதையும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்காமல் கீழே வைக்காத மனிதர்.

"நின்னுட்டே இருந்தா எப்புடிண்ணே? பஸ்ஸு வருது பாருங்க!" என்று லாவண்யா கத்தினாள்.

தெருமுனையில் கம்பெனி பஸ் நின்றிருந்தது. அன்று வண்டி எடுக்காமல் முன்னிருக்கையில் வந்திருந்த கிருஷ்ணப்பன் நிலைமையைப் பார்த்ததும், "அட்டெண்டன்ஸ் பஞ்ச்சு அப்புறம் அடிச்சுக்கலாம், ஆஸ்பத்திரிக்கு விடுண்ணா" என்று டிரைவரை விரட்டினான். ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. சீருடைக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்று மூன்று பேர் இருக்கையைக் காலிசெய்தார்கள். லாவண்யா மடியில் தலை, திருமலை மடியில் கால். கிருஷ்ணப்பன் அவரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினான். திருமலையின் தொண்டையில் நேற்றைய சால்னா புளித்து ஏறியது.

ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ் மணிமேகலை, அடுத்த நொடியே குளுக்கோஸ் ஏற்ற ஆளைக் கூப்பிட்டாள். தெற்கத்திப் பெண், பேச்சில் அது தெரிந்தது.

"சுகர் ஒரேயடியா எறங்கிருச்சு. மாத்திரை ஒழுங்காப் போட்டாகளா?"

"போட்டா. நான்தான் தினமும் கேப்பனே" என்றார் திருமலை, அவசரமாக.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டாக?"

திருமலை வாயைத் திறந்தார். கல்லில் சீறிய எண்ணெயும், இலையும், வழித்த விரலும்தான் கண்முன் வந்தன. அவள் சாப்பிட்டது எதுவும் வரவில்லை.

"நேத்து மத்தியானம்? முந்தா நாள் ராத்திரி? ஏதாவது சொல்லுங்கண்ணே."

கேள்விகள் ஒவ்வொன்றும் துளைக்குள் நுழையாத முனைபோல முட்டி நின்றன. வேளை தவறாமல் ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறார். அதனோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொன்றைக் கேட்கவே இல்லை என்பது, அந்தக் கட்டிலின் கால்மாட்டில் நிற்கையில்தான் அவர்மேல் இடிபோல விழுந்தது. 

லாவண்யாதான் பதில் சொன்னாள். "ராத்திரி எதுவும் சாப்புடறதில்ல சிஸ்டர். மத்தியானம் ஏதோ கொஞ்சம். நான் தோச ஊத்திக் குடுத்தாலும் வாங்காது. 'உள்ள அவரு பட்டினி கெடக்கறாரு, நான் வாசல்ல நின்னு தின்னா நல்லாவா இருக்கும்'னு சொல்லும்."

"சாப்பிடாம இந்த மாத்திரையப் போட்டா ஆளையே சாய்ச்சுப்புடும், தெரியாதா?" என்ற மணிமேகலை, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "பயப்படாதீக, பிழைச்சுக்கிருவாக. நீங்க எடையக் குறைக்கணும்னா அதே தட்டுல கொஞ்சம் குறைங்க. தட்டையே தூக்கிப் போடாதீக. ரெண்டு பேருக்கும் ஒரே சமையல் போதும், வேளாவேளைக்கு, அளவா."

"அளவா சாப்ட்டா எடை எறங்க நாளாவுமே" என்றார், என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே.

"ஆகட்டுமே. ஏறும்போது மட்டும் ஒரே ராத்திரியிலயா ஏறுச்சு?"

குளுக்கோஸ் பாதி இறங்குவதற்குள் செல்வம்மாள் கண்விழித்து அவரை அடையாளம் கண்டுகொண்டாள். லாவண்யா டீ வாங்கப் போயிருந்தாள். திருமலை கட்டிலோரம் குனிந்தார்.

"நேத்து நான் பட்டினி இல்ல புள்ள. பரோட்டா தின்னேன்."

"தெரியும்." குரல் மெலிந்து வந்தது. "சட்டையில சால்னா வாசன அடிச்சுதே."

"தெரிஞ்சுமா நீ சாப்புடாம படுத்த?"

"நீங்க பட்டினின்னு சொன்னீங்க. நான் தட்டு போட்டு உக்காந்தா, 'நீ சொன்னது பொய்யி'ன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடாதா மாமா?" சற்று நிறுத்தினாள். "அன்னிக்குச் சோத்தக் கொட்டுனீங்க இல்ல, அப்பறம் எனக்கு அந்த அடுப்பப் பத்த வெக்கவே கை வரல."

 

மறுநாள் மாலை அவளை வீட்டுக்கு அழைத்துவந்து, சமையலறை தெரியும்படி கூடத்தில் பாயை விரித்து உட்கார வைத்தார். பிறகு சீட்டுகளைப் பிய்க்கத் தொடங்கினார். தொழிற்சாலைப் பசை, இரும்பின் எண்ணெய்ப் பிசுக்கிலும் ஒட்டும்படி செய்யப்பட்டது. மேல்தாள் வந்தது, அடித்தாள் வரவில்லை. நகத்தால் சுரண்டினார். அரிசி டின்னில் சிவப்பு வடு ஒன்று நின்றுவிட்டது.

அடுப்பைப் பற்ற வைத்தார். கொதிக்கும் நீரில் ஒரு பிடி நொய்யரிசி போட்டு, வெந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, பாத்திரத்தைக் கீழே இறக்கித் துடுப்பால் களி கிண்டினார். மாவு இடம் கொடுக்கவில்லை. அவர் கிண்ட, பாத்திரமும் சேர்ந்து சுழன்றது.

"காலால அணைச்சுப் புடிங்க மாமா. அது ஓடாது" என்றாள் செல்வம்மாள் பாயிலிருந்து. பல நாள்களுக்குப் பிறகு அவள் குரலில் லேசாகச் சிரிப்பு கேட்டது.

கையைத் தண்ணீரில் நனைத்து இரண்டு உருண்டை பிடித்தார். ஒவ்வொன்றும் கைக்குள் அடங்கும் அளவு. ஒன்று பெரிதாகத் தெரிய, அதிலிருந்து கிள்ளி மற்றதில் வைத்தார். உருண்டைகளின் நடுவில் விரலால் குழி செய்து, லாவண்யா கொடுத்தனுப்பிய கீரைக் குழம்பை ஊற்றி, இரண்டு தட்டுகளையும் கொண்டுவந்து எதிரெதிரே வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தட்டு வைப்பாள். இன்று அவர் தன் தட்டைத் தொடவில்லை.

"நீ மொதல்ல சாப்புடு."

"நீங்க?"

"நீ சாப்புடு. நான் பாக்கணும்."

செல்வம்மாள் உருண்டையின் ஓரத்தைக் கிள்ளினாள். கிள்ளிய இடத்தில் வேகாத மாவுக் கட்டி ஒன்று வெளிறித் தெரிந்தது. அதன் பக்கத்தில், அவருடைய நகத்திலிருந்து உதிர்ந்திருக்க வேண்டும், நகக்கண் அளவு சிவப்புத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அவள் அதை இரு விரலால் எடுத்தாள். சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, தட்டோரம் காத்திருந்த அவர் புறங்கையில் அதை வைத்து, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தி ஒட்டிவிட்டு, முதல் வாயை எடுத்து வைத்துக்கொண்டாள்.

திருமலை கையை அசைக்கவில்லை.