பெட்டியைத் தாங்கிய கை

லம்பாசா மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்கும் கோவிந்தம்மாவுக்கு, தலைநகர் சூவாவிலிருந்து விமானத்தில் வரும் இங்கிலீஷ் பேப்பரைப் பக்கத்துக் கடைகளுக்கு வாசித்துச் சொன்னால்தான் வியாபாரமே ஓடும். அன்று முதல் பக்கத்தில் சுஷீலா டீச்சரின் படம்: ஏர்போர்ட் வாசல், கையில் பெட்டி, கண்ணில் நீர். அடியில், ‘விமானத்தில் ஒரு காலை வைத்திருக்கும் வேட்பாளர்’. பக்கத்தில், அவளை எதிர்த்து நிற்கும் அப்பலசாமி. அதே வாசல், அதே கண்ணீர். அவருக்கு மட்டும், ‘மகனைப் பிரியும் பாசத் தலைவர்’.

“நான் அப்பவே நினைச்சேன், அவ ஓடிடுவான்னு!” என்று வரிசை முழுக்கச் சொல்லி முடித்தாள் கோவிந்தம்மா. நாட்டில் ஒரு கும்பல் துப்பாக்கியைக் காட்டி ஆட்சியைப் பிடுங்கியதிலிருந்து பாதி ஊர் ஆக்லாந்து, சிட்னி என்று காலியாகிக்கொண்டிருந்தது. ஓடுகிறவள் என்று பேர் வந்தால் எவர் ஓட்டுப் போடுவார்?

கீரை விற்கும் உர்மிளாதான் கேட்டாள்: “ஏன்க்கா, அன்னிக்கு நீயும்தானே பஸ்ல வந்தே?”

வந்தாள்தான். அவர்கள் குடியிருக்கும் புலிலேகாவில் ஒருவர் வெளிநாடு கிளம்பினால் தெருவே பஸ் பிடித்துப் போய் அழுதுவிட்டு வரும். சுஷீலாவின் தங்கை ரொனீதா கிளம்பியபோது, பஸ்ஸிலும் கோவிந்தம்மாவுக்கு முன் சீட்டு, அழுகையிலும் முன் சீட்டு. ஆனால் அச்சில் பார்த்ததும், கண்ணால் பார்த்தது மறந்துபோயிற்று.

படத்தை மூக்கருகே கொண்டுபோனாள். பெட்டியின் அடியை ஒரு கை தாங்கிக்கொண்டிருந்தது. பச்சை வளையல்.

“அடப்பாவிங்களா! என்னை முழங்கையோட வெட்டிட்டானுங்கடி!”

அந்த நேரம் சுஷீலா வந்தாள். வேட்புமனுவை வாபஸ் வாங்க அன்று சாயங்காலம்தான் கடைசி. எதிரே தேர்தல் ஆபீஸுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். “ஓட்டுக் கேட்டா, எப்ப ஃப்ளைட்டுன்னு கேக்குறாங்கக்கா. போதும்.”

“அரே, சும்மா நில்லு. உன் தங்கச்சி பெட்டியில மாங்கா அச்சார் பாட்டிலா அடைச்சது நான். அந்தக் கனத்தைத் தூக்கினா யாருக்கும் கண்ணுல தண்ணி வரும்.” பேப்பரையும் வளையல் கையையும் சேர்த்து உயர்த்திக்கொண்டு, காலையில் பற்றவைத்ததை அணைக்கக் கடை கடையாக நடந்தாள். “இது யாரு கை, சொல்லு? நான் ஓடிட்டேனா? இங்கதானே நிக்கிறேன்!”

உர்மிளா படத்தில் தன் குடையைக் கண்டுபிடித்தாள். இன்னொருத்தி தன் முதுகை.

“அப்ப அப்பலசாமி பையன் ஓடலையா?”

“அவன் ஓடினா பாசமாம்டி!” சிரிப்பு மீன் கடை வரை போனது.

சிரிப்பைக் கேட்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்த கரும்பு வெட்டும் நாகையா வந்தார். படத்தையும் வளையலையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சுஷீலாவிடம், “டீச்சரம்மா, எங்க கரும்பு நில லீஸு அடுத்த வருசம் முடியுது. ஜெயிச்சா என்ன செய்வீங்க?” என்றார்.

பேப்பர் வந்ததிலிருந்து அவளிடம் ஃப்ளைட்டைத் தவிர வேறொன்றைக் கேட்ட முதல் ஆள் அவர். சுஷீலா ஆபீஸ் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு காலிச் சாக்கு ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாகையா வெட்டுக்கத்தியைத் தரையில் வைத்துவிட்டு எதிரே குந்தினார். பஸ் வந்து ஹாரன் அடித்தது. பஸ் வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் ஏறாமல் இந்தப் பக்கம் நடந்து வந்தார்கள்.